விடுப்பு மனுவுக்கு வக்கீல் எதற்கு?

தமிழ்நாட்டில் பரோல் எனும் சிறை விடுப்புக்கு அடிப்படை 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. மற்றபடி நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பார்த்துச் சாதாரண விடுப்பு. காகிதத்தில் எளிதுதான். அறிக்கை எதிராக வந்து மனு தள்ளுபடியானால், உள்ளே இருப்பவர் யாரிடம் முறையிடுவார்? மனைவியோ தாயோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது இங்கே வழக்கமானது அதனால்தான். அதற்கும் வக்கீல் வேண்டுமே! 1978இல் உச்ச நீதிமன்றத்தின் ஹோஸ்காட் வழக்குத் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீலைக் கைதியின் உரிமையாக்கியது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காவலில் இருப்போருக்கு வருமானம் பாராமல் உதவியை விரித்தது.

விடுப்பு சலுகைதானே, அதற்கு வக்கீல் எதற்கு என்பார்கள். சலுகையே ஆனாலும் மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதுதான் வக்கீலின் வேலை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அச்சமும் அப்போதுதான் ஊர்ப்பேச்சாக நில்லாமல் முறையான விசாரணைக்கு வரும்.