குயவர் தெருவில் எவர்சில்வர்

குருபரப்பள்ளி சிப்காட்டின் ஷிஃப்ட் ஆட்களை நம்பி மாமா மெஸ் போடப்போகிறார். பாத்திரம் வாங்க பெங்களூரு கிளம்பும்போது என்னையும் இழுத்துக்கொண்டார். ஓசூரில் பஸ் மாறும்போதுகூட கையிலிருந்த சாக்குப்பையை என்னிடம் தரவில்லை. உள்ளே இருந்தது பாட்டியின் பித்தளைத் தவலை.

போன இடம் கும்பாரபேட்டை. கன்னடத்தில் கும்பாரர் என்றால் குயவர். 1537-இல் கெம்பேகௌடா நிறுவியதாகச் சொல்லப்படும் பழைய ஊரில் தொழிலுக்கொரு பேட்டை: அரளேபேட்டை பருத்திக்கு, அக்கிபேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு. இன்று கும்பாரபேட்டையில் கண்ணில் படுவதெல்லாம் எவர்சில்வர். உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்றிவிட்டு ஃபங்ஷன் பெயரை மட்டும் அப்படியே விட்டுவைப்போமே, எங்கள் ஆபீஸ் கோடு மாதிரிதான் இந்தத் தெருவும்.

மண்ணுக்கும் எவர்சில்வருக்கும் நடுவே நீண்ட காலம் இருந்தது பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். துருத்தியோடு தெருத்தெருவாக வந்த ஈயம் பூசுகிறவர்களை நான் சின்ன வயதில் கடைசியாகப் பார்த்தேன். அந்தத் தொழிலை ஓரங்கட்டிய உலோகம் சமையலுக்காகப் பிறந்ததே இல்லை. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடியபோது கிடைத்தது. அதிலுள்ள குரோமியம் மேலே மெல்லிய படலமாகி, உலோகத்தைத் தானே காத்துக்கொள்கிறது. எண்பதுகளில் சேலம் உருக்காலை அதைத் தகடாக உருட்ட ஆரம்பித்தது.

கடைக்காரர் தவலையைத் தராசில் வைத்தார். பழைய பித்தளை விலைதான். விளிம்பில் பாட்டியின் பெயரும் 1961 என்ற வருஷமும் வெட்டியிருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"மாமா, இத வித்துத்தான் ஆகணுமா?"

"மாப்ள, அட்வான்ஸ், கேஸ், கிரைண்டர்னு எல்லாம் கடன். இது ஒண்ணுதான் என் கைக்காசு."

விற்பதற்கு முன் அந்த எழுத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இரவு வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அதத் தேய்ச்சுத் தேய்ச்சே என் தோள்பட்ட போச்சு. அது கெடக்கட்டும், இட்லிப் பானையில எத்தன தட்டு?"