வெளிநாட்டில் மெஷின் வாங்கும் கட்டுமான நிறுவனங்கள்... விலை மலிவா இருந்தா மட்டும் போதுமா?

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதையின் நீளம் 508 கி.மீ. இதில் மும்பை பக்கம் 21 கி.மீ. சுரங்கம். அதில் சுமார் 16 கி.மீ. தூரத்தை ராட்சத மெஷின்கள்தான் தோண்ட வேண்டும். ஆனால், அந்த மெஷின்கள் சீனாவிலிருந்து வருவதில் தாமதம் என்று 2025-ல் செய்திகள் வெளியாகின. இத்தனைக்கும் மெஷினைத் தயாரித்தது ஜெர்மனியின் ஹெரன்க்நெக்ட் நிறுவனம். அதன் தொழிற்சாலை இருந்ததோ சீனாவில்!

அப்படியென்றால், வெளிநாட்டில் பொருள் வாங்க ஒரு நிறுவனம் என்னவெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

முதல் படி என்ன?

இந்தியாவில் இறக்குமதி செய்ய ஐஇசி எனும் 10 இலக்கப் பதிவு எண் வேண்டும். இது சுலபம். கஷ்டமானது, ஆட்களைத் தயார் செய்வதுதான். இன்ஜினியர், நிதி, கஸ்டம்ஸ் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே டீமாக உட்கார வேண்டும். உதாரணமாக, கட்டுமானக் கம்பிக்கு பிஐஎஸ் உரிமம் கட்டாயம். அது இல்லாத ஆலையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை.

விலையை எப்படி ஒப்பிடுவது?

கொட்டேஷனில் இருக்கும் விலை பாதிக் கதைதான். கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், சுங்க வரி, டாலர் ஏற்ற இறக்கம், துறைமுகத்திலிருந்து சைட்டுக்கு லாரி வாடகை என எல்லாம் சேர்த்து, பொருள் கைக்கு வரும்போது ஆகும் மொத்தச் செலவைத்தான் ஒப்பிட வேண்டும்.

'சிஐஎஃப்' முறையில் வாங்கினால் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் பொறுப்பு. ஆனால், சரக்கு கப்பலில் ஏறியதுமே சேத அபாயம் வாங்குபவர் தலையில்! பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பணத்துக்கு என்ன பாதுகாப்பு?

பல நேரங்களில் வங்கியின் 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' மூலம் பணம் போகும். ஆனால் வங்கி பார்ப்பது பேப்பரை மட்டும்தான், பொருளை அல்ல. அதனால்தான் கப்பலில் ஏற்றும் முன்பே, தொழிற்சாலையில் மூன்றாம் தரப்பு ஆய்வு செய்து, அந்தச் சான்றிதழையும் வங்கி கேட்கும் ஆவணங்களில் சேர்க்கிறார்கள்.

சொன்ன தேதிக்கு வராவிட்டால்?

சைட்டில் ஆட்கள் சும்மா நிற்பார்கள், வட்டி மட்டும் ஓடும். தாமதத்துக்கு அபராதம் என ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆனால் ஒரு அரசு தடுத்தால், 'எங்கள் கையில் இல்லை' என விற்பவர் விலகிவிட வாய்ப்புண்டு.

எனவே யாரிடம் வாங்குகிறோம் என்பதோடு, பொருள் எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறது என்பதையும் கேட்க வேண்டும். இன்னொரு நாட்டில் மாற்று சப்ளையரை முன்பே பரிசோதித்து வைப்பது, விலையில் கொஞ்சம் கூடினாலும், லாபம்தான்.