சிவகாசிப் பட்டாசுச் சங்கங்களும் சுற்றுச்சூழல் விதிகளும்

மதுரைக்குத் தெற்கே, மழை குறைந்த கரிசல் நிலத்தில் அமைந்த சிவகாசி இந்தியப் பட்டாசுத் தொழிலின் தலைநகராகும். 1923இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அதன் தொடர்ச்சியாகவே பட்டாசுத் தொழில் இங்கு வளர்ந்தது. இத்தொழிலின் முதன்மையான அமைப்பு, டான்பாமா எனப்படும் தமிழ்நாடு பட்டாசு மற்றும் கேப்வெடி தயாரிப்பாளர்கள் சங்கம்.

விலை, உரிமம், வரி ஆகியவற்றோடு நின்ற சங்க வேலை, 2015இல் திசை மாறியது. டெல்லியின் காற்று மாசைக் காரணம் காட்டி, மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2017 ஜூலையில் பட்டாசில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவற்றைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு அதைவிடப் பெரிய அடி. பேரியம் உப்புகளும் சரவெடியும் தடை செய்யப்பட்டன. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்றானது. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி வெடிக்கும் தமிழர் வழக்கம் தீர்ப்பில் இடம்பெறவில்லை. தமிழக அரசு முறையிட்டபின், அதே இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என அரசு வகுத்தது.

பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டுமன்று, எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனுக்கும் பயன்படுகிறது. அது இல்லாமல் பெரும்பாலான வகைகளைச் செய்ய இயலாது என்று கூறி, அத்தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடப்பட்டன. சில மாதங்கள் நீடித்த அந்த மூடலில் தினக்கூலித் தொழிலாளர்களே முதலில் வாடினர்.

போராட்டத்தைவிடப் பேச்சுவார்த்தையே பலன் தந்தது. வழக்கறிஞர், மத்திய அமைச்சகம், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை என எல்லா இடத்துக்கும் சங்க நிர்வாகிகளே உறுப்பினர் சார்பில் சென்றனர். நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், சஃபல், ஸ்டார் என்னும் பசுமைப் பட்டாசு வகைகளை உருவாக்கியது. அதன் கலவை முறை, ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலைகளுக்கே கிடைத்தது. 2019 அக்டோபரில் இவை அறிமுகமாயின. "பசுமை" என்ற பெயர் சற்று மிகையானது. சாதாரண வெடியைவிட நுண்துகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும், அவ்வளவே.

சங்கத்தின் குரல் எல்லா உறுப்பினருக்கும் ஒரே அளவில் பயன்பட்டதாகக் கூற முடியாது. நாக்பூர் உரிமம் பெற்ற பெரிய ஆலை, ஆய்வகச் செலவையும் புதிய கலவையையும் தாங்கும். மாவட்ட உரிமத்தில் இயங்கும் சிறு ஆலைக்கு அது பெருஞ்சுமை. மருந்து செலுத்தும் தொழிலாளிக்கோ, டெல்லியில் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கோ அச்சங்கத்தில் இருக்கை கிடையாது.

மேம்படுத்திய கலவையில் பேரியத்தை அனுமதிக்குமாறு தயாரிப்பாளர்கள் கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 2025 தீபாவளிக்கு டெல்லிப் பகுதியில் அக்டோபர் 18 முதல் 21 வரை பசுமைப் பட்டாசுக்கு அனுமதி அளித்தது.