அண்ணீரகம்

கன்றை முட்டவிட்டதும் மாட்டுக்கு 'மடி சுரந்துட்டு' என்பது கடையம் பக்கத்துப் பேச்சு. மலையடிவாரத்துச் சுனையில் நீர் ஊறுவதும் சுரத்தல்தான். மருத்துவத் தமிழின் 'சுரப்பி' அங்கிருந்து வந்தது. சுரந்ததைக் குழாய் வழியின்றி நேரே இரத்தத்தில் விடுபவை நாளமில்லாச் சுரப்பிகள்.

அவற்றுள் ஒன்று, சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்த அண்ணீரகம். 'அண்' என்றால் அருகு. அண்மை, அண்டை, அண்ணுதல் எல்லாம் இதன் சுற்றம். அண் + நீரகம் புணர்ந்து அண்ணீரகம் ஆயிற்று. அண்ணாக்கோடு இதற்கு உறவில்லை! லத்தீன் வழிவந்த 'அட்ரினல்' என்பதும் இதே கட்டுமானம்தான்: 'அட்' அருகு, 'ரென்' சிறுநீரகம். பாடநூல்கள் அட்ரினல் என்றே எழுதுகின்றன. அண்ணீரகம் இன்னும் கொஞ்சம் புழங்கலாம்.

இந்தச் சுரப்பி நலிந்தால் வரும் நோயை 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். ஓயாத சோர்வு, தாழும் இரத்த அழுத்தம், உப்பின்மேல் ஆசை, கறுக்கும் ஈறும் உள்ளங்கை ரேகையும் இதன் அடையாளங்கள். காசநோய் சுரப்பியை அரிப்பது அன்று பெருங்காரணம். இந்தியாவில் இன்றும் அது ஒரு காரணம்.

இன்னொரு நாளமில்லாச் சுரப்பியான 'பாராதைராய்டு' என்பதும் அண்டைப் பெயரே: கழுத்திலுள்ள தைராய்டின் பக்கத்தில் இருப்பது. பெரும்பாலோருக்கு நான்கு உண்டு. ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கண்டது, லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தில்! மனிதரிடம் இருப்பதை 1880இல் சுவீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் எழுதினார். அண்ணீரகம், பாராதைராய்டு என்ற இரு பெயர்களும் முகவரியை மட்டுமே சொல்கின்றன, வேலையைச் சொல்லவில்லை. பாராதைராய்டின் வேலை கால்சியக் கணக்கு. மிகையாகச் சுரந்தால் எலும்பு கரையும், சிறுநீரகத்தில் கல் சேரும்; குறைந்தால் விரல்கள் மரத்து இழுத்துக்கொள்ளும்.