ஒற்றர் கதையின் இலக்கணமும் ஒரு வழக்கும்: திருவனந்தபுரம், 1994

விண்மீன்களுக்கு இடையே நிகழும் ஒற்றர் கதைகளை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களையும் திரைப்படங்களையுமே தரவுகளாகக் கொள்கின்றனர். அவ்வகைமையின் இலக்கணம் புனைவைக் கடந்து மெய்யான மனிதர்களின் வாழ்வைத் தீர்மானித்த இடம் ஒன்று உண்டு. அது திருவனந்தபுரம்.

முதலில் அந்த இலக்கணத்தைப் பார்ப்போம். 1908-இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றில், நீர்மூழ்கிக் கப்பலின் வரைபடத் தாள்கள் களவு போகின்றன. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், விண்கோட்டை ஒன்றின் வரைபடம் ஓர் இயந்திர மனிதனின் நினைவகத்தில் ஒளித்துவைக்கப்படுகிறது. கடலடியிலிருந்து விண்வெளிக்குக் களம் மாறிய போதும், அடிப்படைக் கருதுகோள் மாறவில்லை: தொழில்நுட்ப அறிவு என்பது கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பொருள், அதைக் கவர்ந்தவர் வலிமையையும் கவர்ந்துவிடுவார். 1917-இல் பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்ட மாத்தா ஹரியின் நினைவு, 'மயக்கும் அந்நியப் பெண்' என்னும் பாத்திரத்தை இதனுடன் நிலையாகச் சேர்த்துவிட்டது.

இனி, களம். தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் அமெரிக்காவில் செய்யப்பட்டது; அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சு நாட்டினுடையது. 1968-இல் அந்த ஏவுதளம் ஐக்கிய நாடுகள் அவைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அந்நியருடனான தொடர்பே அங்கு ஆய்வின் அன்றாட வழிமுறையாக இருந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் அச்சூழலில் உருவானவர்.

1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வெற்றி பெற்றது. ஐந்து நாள் கழித்து, மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா திருவனந்தபுரத்தில் கைதானார். அனுமதிக்கப்பட்ட காலத்தைக் கடந்து தங்கினார் என்பதே அப்போதைய குற்றச்சாட்டு. சில வாரங்களில் அது இஸ்ரோவின் ராக்கெட் இரகசியங்களைக் கடத்திய வழக்காக வளர்ந்தது. ஃபௌசியா ஹசனும் சசிகுமாரனும் கைது செய்யப்பட்டனர்; நவம்பர் 30 அன்று நம்பி நாராயணனும் கைதானார். நாளேடுகள் தொடர்கதையின் நடையில் செய்தி வெளியிட்டன. பெண், பணம், வரைபடம், பகைநாடு என எல்லாப் பாத்திரங்களும் தயாராக இருந்தமையால், சான்று தேவை என்ற எண்ணமே பின்னுக்குப் போயிற்று. முதலமைச்சர் கருணாகரனும் உட்கட்சிப் பூசலுக்கு நடுவே 1995 மார்ச்சில் பதவி விலக நேர்ந்தது.

களவு போனதாகச் சொல்லப்பட்ட பொருளையே ஆராய்ந்தால் கதையின் பிழை புலப்படும். விகாஸ் எந்திரம் பிரான்சின் வைக்கிங் எந்திரத்திலிருந்து பிறந்தது. 1974-இல் முறையான ஒப்பந்தம் ஏற்பட்டது. வரைபடங்கள் அனுமதியுடன் கிடைத்தன. இந்தியப் பொறியாளர்கள் வெர்னோன் நகரில் தங்கி அந்நாட்டவருடன் பணியாற்றினர். அவ்வளவு இருந்தும், இங்கு செய்த எந்திரம் சோதனையில் வெல்ல 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரையோஜெனிக் எந்திரமோ 1994-இல் இந்தியாவிடம் இல்லவே இல்லை. உள்நாட்டில் உருவான அவ்வகை எந்திரத்துடன் ஜி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது 2014 ஜனவரி 5 அன்றுதான். இல்லாத ஒன்றை விற்க இயலாது. இருந்ததையும் தாள்கட்டாக விற்று எவரும் எந்திரம் செய்துவிட முடியாது. உலோகம், பற்றவைப்பு, சோதனைமேடை, பழகிய கைகள் ஆகியவற்றில்தான் அந்த அறிவு வாழ்கிறது.

1996-இல் சி.பி.ஐ. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று அறிக்கை அளித்தது. மாநில அரசு மறுவிசாரணைக்கு முனைந்தபோது, 1998-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று அதே நீதிமன்றம், நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. அதே வழக்கில் சிக்கிய பெங்களூர் சந்திரசேகர் இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

இங்கே ஆய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வழக்கே இந்தியாவின் ராக்கெட் வளர்ச்சியைத் தடுக்க அயல்நாட்டு உளவுத்துறை செய்த சதி என்னும் விளக்கம் இன்று பரவலாக உள்ளது. ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்துடன் இந்தியா செய்த கிரையோஜெனிக் ஒப்பந்தத்தை 1992 முதல் அமெரிக்கா எதிர்த்தது மெய். அதனால் இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் ஐயம் சான்றாகிவிடாது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தவறான கைதுக்கு நிவாரணம் தந்ததேயன்றி அயல்நாட்டுச் சதியை நிறுவவில்லை. ஓர் ஒற்றர் கதையால் சிதைந்த வாழ்வை இன்னோர் ஒற்றர் கதையால் விளக்கும்போது, பழைய இலக்கணத்துக்கே நாம் மீண்டும் பணிகிறோம். மெய்யான வினாக்கள் எளியவை: கைது ஆணையில் கையொப்பமிட்டவர் யார், எந்தச் சான்றின் பேரில், அதை ஆராயாமல் அச்சிட்டவர் யார்?

மாலத்தீவுப் பெண்கள் இருவரும் சுமார் மூன்றாண்டுகள் சிறையில் கழித்தனர். அறிவியலாளர்க்குப் பத்ம பூஷண் கிடைத்தது, திரைப்படமும் வந்தது. அப்பெண்களின் பெயரோ, இழப்பீடு குறித்த உரையாடல்களில் அரிதாகவே ஒலிக்கிறது. 1994, 1995 ஆண்டுகளின் நாளேடுகள் நூலகங்களில் இன்றும் உள்ளன. வகைமைக் கோட்பாடு பயிலும் மாணவர்கள் அவற்றைப் புனைவைப் படிப்பது போலவே வரிவரியாகப் படிக்க வேண்டும். எவ்விடத்தில் செய்தி முடிந்து கதை தொடங்கியது என்பதைக் குறிக்க வேண்டும். அந்தப் பணி இன்னும் மீதமிருக்கிறது.