கணினியின் குரலும் ஓர் ஊசியின் ஊறும்

கணினி இன்று பாடுகிறது, பேசுகிறது, மாணவர்க்குப் பாடத்தைச் செவிவழியாகவும் புகட்டுகிறது. அத்தகைய கருவி, திறந்து துப்புரவு செய்த பின்னரோ புதிய பெட்டிக்கு மாற்றிய பின்னரோ திடுமென ஊமையாகிவிடுவதுண்டு. உள்ளே நோக்கின், தாய்ப்பலகையில் நிற்கும் சிற்றூசிகளுள் ஒன்று வளைந்தோ ஒடிந்தோ இருக்கும். கடைக்காரர் ‘பின்’ என்று கூறும் அவ்வூசியின் ஊறு ஒரு கணினியின் குரலையே அடக்குவது எங்ஙனம்? அதன்பொருட்டுப் பலகையை எறிந்துவிடத்தான் வேண்டுமா? இவ்விரு வினாக்களுக்கும் கணினி ஒலியின் வரலாறே விடை பகரும்.

தொடக்க நிலை

1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனுள் இருந்தது சிறிய ஒலிபெருக்கி ஒன்றே. காலங்காட்டும் சில்லொன்று அதனை இயக்கியும் நிறுத்தியும் ‘பீப்’ என்னும் ஓசையை எழுப்பிற்று. பிழையை அறிவிக்க அது போதும், இசைக்குப் போதாது. 1987இல் கனடாவின் கியூபெக் மாநிலத்து ஆட்லிப் நிறுவனம் இசை அட்டை ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. யமஹாவின் சில்லைக் கொண்ட அவ்வட்டை ஒரே நேரத்தில் ஒன்பது ஒலிகளை இசைத்தது. எனினும் மனிதக் குரலைப் பதிவு செய்யும் ஆற்றல் அதற்கில்லை.

சிங்கப்பூரின் பங்கு

அக்குறையைப் போக்கிய பெருமை சிங்கப்பூருக்கு உரியது. ஐபிஎம் கணினி வெளிவந்த அதே 1981இல், சைனாடவுன் வட்டாரத்துப் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூ என்பார் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையொன்றைத் தொடங்கினார். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை, ஆட்லிப்பின் இசையாற்றலுடன் குரலைப் பதிந்து மீண்டும் ஒலிக்கும் திறனையும் பெற்றிருந்தது. பிற நிறுவனத்தாரும் தம் அட்டைகள் இதனோடு ஒத்தியங்கும் என்று விளம்பரம் செய்யுமளவிற்கு அது அளவுகோலாயிற்று. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே. சிம் வோங் ஹூ 2023இல் மறைந்தார்.

அக்காலத்தில் ஒலி, கணினியில் வந்து தங்கிய விருந்தினர் போன்றது. அட்டை கெட்டால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினாற் போதும்; தாய்ப்பலகைக்குத் தீங்கில்லை.

விருந்தினர் குடியேறிய கதை

1997இல் இன்டெல் நிறுவனம் ‘ஏசி 97’ என்னும் முறையை வகுத்தது. எண்களை ஒலியலையாக மாற்றும் ‘கோடெக்’ சில்லு தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டது. எஞ்சிய வேலையைக் கணினியின் பிற உறுப்புகள் ஏற்றன. 2004இல் ‘எச்டி ஆடியோ’ முறை அதன் இடத்தைப் பெற்றது. தனி அட்டையின் செலவு மிச்சமாயிற்று. ஆனால் ஒலியின் நலம் அன்றுமுதல் தாய்ப்பலகையின் நலத்தோடு பிணைந்துவிட்டது.

பெட்டியின் முன்புற ஒலித்துளைகளுக்கு வரும் கம்பி, பலகையின் ஊசித்தொகுதி ஒன்றில் செருகப்படும். இரு வரிசையில் பத்து இடங்கள். எட்டாம் இடம் வெற்றிடம். யுஎஸ்பி கம்பிக்குரிய தொகுதியும் தோற்றத்தில் இத்தகையதே. ஆயின் அதில் ஒன்பதாம் இடமே வெற்றிடம். ஒன்றினைப் பிறிதொன்றில் செருகாமல் காப்பது இவ்வெற்றிடமே. அதனைக் கருதாமல் அழுத்தினால் ஊசி வளையும்.

பழைய ஏசி 97 முறையில், பின்புற ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலி முன்புறம் சென்று மீளும். ஐந்தாம் ஊசிக்கும் ஆறாம் ஊசிக்கும், ஒன்பதாம் ஊசிக்கும் பத்தாம் ஊசிக்கும் இணைப்பறுந்தால் பின்புறமும் ஊமையாகும். எச்டி ஆடியோ முறையிலோ, ஹெட்போன் செருகப்பட்டதா என்பதை உணரும் ஊசிகள் உள்ளன. அவை வளைந்து அயலூசியைத் தொட்டால், இல்லாத ஹெட்போன் இருப்பதாகக் கணினி கருதி ஒலிபெருக்கியை அடக்கிவிடலாம். சில்லு நலமாயிருக்கவும் தவறான செய்தியே குரலை மறைக்கிறது.

மையச் செயலி அமரும் இடத்து ஊசிகளும் கருதத்தக்கன. 2004இல் இன்டெல் 775 ஊசிகளைச் செயலியினின்று பலகைக்கு மாற்றியது. 2022இல் ஏஎம்டியும் தன் ‘ஏஎம்5’ அமைப்பில் அவ்வழியே சென்றது. ஆகவே செயலியை மாற்றியபின் ஒலி நின்றால் அவ்விடத்தையும் உருப்பெருக்கியால் ஆராய்தல் வேண்டும்.

ஆராயும் முறை

முதற்கண், குறை மென்பொருளிலா என்று தெளிதல் வேண்டும். லினக்ஸ் உள்ள யுஎஸ்பி தண்டினால் கணினியைத் தொடங்கி ஒலி வந்தால், ஊசிகள் மீது பழியில்லை. வாராதாயின், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு முன்புற ஒலிக்கம்பியைக் கழற்றுக. மீண்டும் இயக்கிப் பின்புறப் பச்சைத் துளையில் சோதிக்க, ஒலி கேட்குமாயின் குற்றம் முன்புறத் தொகுதியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. பழைய ஏசி 97 பலகையாயின், மேற்கூறிய இரண்டு இணைப்புகளையும் ‘ஜம்பர்’ இட்டு மூடிய பின்னரே சோதித்தல் வேண்டும். ஒலிச்சாதனத்தின் பெயரே கணினியில் காணப்படாவிடின், பயோஸ் அமைப்பில் அது நிறுத்தப்பட்டுள்ளதா என்று பார்த்தல் நன்று.

வளைந்த ஊசியை, மின்சாரம் அறவே நீக்கிய நிலையில், நுண்ணிய இடுக்கியாலோ ஈயக்குச்சி அகற்றிய இயந்திரப் பென்சிலின் முனையாலோ மெல்ல நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் பலகால் வளைப்பின் ஒடியும். ஒடிந்ததைப் பற்றவைத்தல் கைதேர்ந்தார் தொழில். அதுவும் இயலாதெனில், யுஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றைச் செருகினாற் போதும். ஒலிமாற்றும் சில்லு அதனுள்ளேயே இருத்தலால் பலகையின் கோடெக்கை அது நாடுவதில்லை.

இவ்வாறு ஒலி மீண்டும் பலகைக்கு வெளியே தனிக்கருவியாக நிற்க, கணினி பேசுகிறது. ஊசி ஒன்று ஒடிந்ததற்காகப் பள்ளிக் கணினியொன்றைக் குப்பையில் இடுவோர், அக்குரலின் வளர்ச்சிக்கு வித்திட்டதே ஒரு பழுதுபார்க்கும் கடை என்பதை எண்ணுதல் நலம்.