பரிபாடல் வையையும் பாண்டிநாட்டு மழையியல்பும்

பாண்டிநாட்டின் நீர்வளத்தை ஆராயப் புகுவார் முதற்கண் எடுத்தாளும் நூல் பரிபாடலே. அந்நூலின் 70 பாடல்களுள் 26 வையைக்கு உரியன என்று பழைய வெண்பா ஒன்று தொகை கூறும். இன்று முழுமையாகக் கிடைப்பன 22; அவற்றுள் வையையைப் பாடுவன 8. இப்பாடல்களிற் கரைபுரளும் வெள்ளத்தைக் கண்டு, மதுரையில் இன்று ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாய்க் கிடக்கும் ஆற்றையும் கண்டு, சங்ககாலத்து வையை வற்றாத ஆறு என்றும், பின்னர் இந்நாட்டின் தட்பவெப்ப நிலை திரிந்து மழை அருகிற்று என்றும் முடிவு கட்டுவார் உளர். ஆய்வேடுகளிலும் இக்கருத்து ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோல எழுதப்பட்டு வருகிறது. இலக்கியச் சான்று இதற்கு இடந்தருகிறதா என்பதே ஈண்டு யாம் ஆராயும் பொருள்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவாம். காவிரி குடகு மலையில் தோன்றுவது. தென்மேற்குப் பருவமழையை முகந்துகொள்வது. அதனாற் சோழநாட்டில் மழை பெய்யாதிருப்பினும் ஆற்றில் நீர் வரும். கோள்நிலை திரிந்து வானம் பொய்ப்பினும் தான் பொய்யாத காவிரி என்று பட்டினப்பாலை ஆசிரியர் தொடங்குவது வெறும் உயர்வு நவிற்சி அன்று. அது மலைத்தலையதாதலை உடன்கூறுதலால், காரணம் அறிந்து பாடிய பாட்டு என்றே கொள்ளலாம். வையையின் நிலை வேறு. அது மேற்குத் தொடர்மலையின் கீழ்ப்பக்கமாகிய வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றுகிறது. தென்மேற்குக் காற்று தன் நீரிற் பெரும்பங்கை மலைக்கு அப்பாற் சொரிந்துவிட, இப்பக்கம் மழை மறைவுப் பகுதியாய் நிற்கிறது. மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதிற் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திற் பெய்வது. இத்தகைய ஆறு சில திங்கள் பெருகிப் பின் சுருங்குதல் இயற்கை.

இனிப் பரிபாடலுக்கு வருவாம். அதன் வையைப் பாடல்கள் பாடுவது ஆற்றை அன்று, புதுப்புனலை. மலையில் மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்ற செய்தி நகரில் எட்ட, மாந்தர் அணிகலன் பூண்டு கரைக்கு விரைகின்றனர். ஆண்டு முழுதும் ஒரே தன்மையாய் ஓடும் ஆற்றுக்குப் புதுநீர் ஏது? நீர் வரவை விழாவாகக் கொள்ளுதலே, வாராத காலமும் உண்டு என்பதற்குச் சான்றாகும். மேலும் 11ஆம் பாடல், மலையிற் பெய்த மழையாற் பெருகிய வெள்ளத்தைப் பாடியபின், கார் நீங்கிய முன்பனிக் காலத்தில், மார்கழித் திருவாதிரையை ஒட்டி மகளிர் நீராடும் தெளிந்த வையையையும் காட்டுகிறது. ஒரே பாடலில் ஆற்றின் இருவேறு பருவங்கள் அமைந்துள்ளன. (இப்பாடலின் கோள்நிலையைக் கொண்டு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை நூலின் காலத்தைக் கி.பி. 634 எனக் கணித்ததும், அதனை மறுத்தோர் பலராதலும் அறிஞர் அறிந்தவை. அவ்வழக்கில் யாம் புகவில்லை.)

எதிர்த்தரப்பாரின் வலிய சான்று பரிபாடலில் இல்லை, சிலப்பதிகாரத்தில் உள்ளது. இளங்கோவடிகள் புறஞ்சேரி இறுத்த காதையில் வையையைப் பொய்த்தல் அறியாத குலமகளாகப் போற்றுகிறார். கோவலனும் கண்ணகியும் மரப்புணை ஏறியே அதனைக் கடக்கின்றனர். மதுரை எரியுண்டது ஆடித் திங்களில் என்று நூலே கூறுதலின், அவர்கள் ஆற்றைக் கடந்த காலமும் அதனை ஒட்டியதே. இதனை எளிதில் ஒதுக்கல் ஆகாது. எனினும் இச்சான்று எவ்வளவு நிறுவுகிறது? ஆடியை ஒட்டி ஆற்றில் நீர் இருந்தது என்பதையே. தென்மேற்குப் பருவம் வலுத்த ஆண்டில் மலையிலிருந்து அவ்வளவு நீர் வருதற்குத் தட்பவெப்ப மாற்றம் ஏதும் வேண்டுவதில்லை. பங்குனி, சித்திரையில் ஆறு எவ்வாறிருந்தது என்பதுபற்றி அக்காதை ஒன்றும் கூறவில்லை. பொய்யாமை என்பதும் ஆண்டுதோறும் தவறாது வருதலைக் குறிக்குமேயன்றி, இடையறாது ஓடுதலைக் குறித்தே தீரவேண்டும் என்பதில்லை.

இவற்றினும் தெளிவானது புறநானூற்று 18ஆம் பாட்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார், வானத்தையே நம்பிக் கிடக்கும் நிலம் எவ்வளவு அகன்றதாயினும் அரசன் முயற்சிக்குப் பயன்படாது என்று கூறி, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்துத் தேக்குமாறு அறிவுறுத்துகிறார். பாண்டியனுக்கே இவ்வறிவுரை கூறப்பட்டது என்பதை நம் ஆராய்ச்சியாளர் போதிய அளவு கருதவில்லை. மழை மிகுந்த நாட்டில் இப்பாட்டுப் பிறந்திராது. ஏழாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் சேந்தன் காலத்துக் கல்வெட்டு மதுரையில் வைகைப் படுகையிற் கிடைத்துள்ளது. அது மதகு அமைத்த செய்தியைக் கூறுகிறது. வந்த நீரை விடாது பிடித்தலே பாண்டிநாட்டு வேளாண்மையின் உயிர்நிலையாக இருந்தது. ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு வழிவிடும் கண்மாய்த் தொடர்கள், சில திங்களே நீர் வரும் ஆற்றுக்கு ஏற்றவாறு அமைந்தவை.

இன்றைய மணற்பரப்பும் நடுநிலைச் சான்று அன்று. 1886ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழிக் கட்டப்பெற்ற பெரியாற்று அணையிலிருந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 முதல் வைகைப் பக்கம் திருப்பப்பட்டது. அந்நீரும் மதுரைக்கு மேலேயே பேரணையிற் கால்வாய்க்குப் பிரிந்துவிடுகிறது. 1959இல் வைகை அணை எழுந்தபின் வெள்ளமும் தேக்கப்படுகிறது. ஆகவே மதுரைப் பாலத்தின்மேல் நின்று நாம் காண்பது அணைகளின் செயலே. அதனைக் கொண்டு வானத்தின் இயல்பை அளத்தல் கூடாது.

வையை கடலிற் புகுவது அரிது என்பதும் புதுவதன்று. சிவபெருமானுக்கு நஞ்சளித்த கடல் என்று சினந்து வையை அதனிடம் செல்லவில்லை எனத் தனிப்பாடல் ஒன்று தற்குறிப்பேற்றமாகப் பாடுகிறது. கற்பனை புலவருடையது, ஆயினும் ஆறு கடலை அடையாமை ஊரறிந்த செய்தியாக இருந்தாலன்றி அக்கற்பனைக்கு இடமில்லை. அணைகளுக்கு முற்பட்ட அக்காலத்திலேயே வழிநெடுகக் கண்மாய்களுக்குப் பங்கிட்ட நீரில் எஞ்சியது, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சென்று தங்கிற்று.